பத்தொன்பது உடைந்த எழுத்துகள்

அத்தியாயம் 14

பத்து நாளாக அந்த மூன்றாவது மாடியில் யாரும் கதவைச் சத்தமாகச் சாத்தவில்லை.

எதிரெதிரே இரண்டு வீடு. இந்தப் பக்கம் மூத்தவள், ஒற்றையாக. அந்தப் பக்கம் அவளுடைய தம்பியும் தம்பி மனைவியும். தம்பி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். ஓட்டுகிறவனா, ஓட்டிக்கொண்டிருந்தவனா என்பதுதான் இந்தப் பத்து நாளாக யாருக்கும் புரியவில்லை. பெயர் போடாத புகார் ஒன்று துறைமுக அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் போயிற்று. இவருக்கு அடிக்கடி நினைவு தப்புகிறது, இவரைக் கிரேனில் ஏற்றாதீர்கள் என்பது அதன் சாரம். மறுநாளே அவனைக் கீழே இறக்கிவிட்டார்கள். இன்று பிற்பகல் மூன்று மணிக்கு விசாரணை.

அப்படி எதுவும் தனக்குக் கிடையாது என்று தம்பி சாதித்தான். மூத்தவள் அதை நம்பினாள். ஐந்து வயதில் இடுப்பு ஒடியத் தூக்கிச் சுமந்த பிள்ளை. அவனைப் பற்றித் தனக்குத் தெரியாதது ஒன்று இருக்க முடியுமா என்பது அவள் எண்ணம்.

காலை எட்டே காலுக்கு அவன் வந்து நின்றான். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. முகவாயில் சவரக் கத்தி கீறிய இடத்தில் ஒரு துணுக்குக் காகிதம் ஒட்டியிருந்தது. கையில் நான்காக மடித்த தாள், விசாரணையில் கொடுப்பதற்காக அவனே எழுதிய வாக்குமூலம்.

வாங்கிப் படித்தாள். இரண்டாவது பத்தியிலேயே கொடிக்காரர் வந்துவிட்டார்.

கிரேனுக்குக் கீழே நின்று, மேலே கேபினில் இருப்பவனுக்குக் கண்ணாக இருப்பவர் கொடிக்காரர். கையில் கொடி போய் வாக்கி டாக்கி வந்து எத்தனையோ காலம் ஆயிற்று; பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஒன்பது வருஷமாக இவன் மேலே, அவர் கீழே. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அவருக்கும் சேர்த்து இந்த வீட்டில் தட்டு வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர் ஒப்பந்த ஆள். சக ஊழியர்மீது பொய்ப் புகார் எழுதினார் என்று ஒரு வார்த்தை விழுந்தால் போதும், மறுநாள் காவலாளி அவரை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவான்.

"அவர்தான்னு எப்படிடா சொல்ற?"

"புகார்ல கடைசி அஞ்சு வரியைப் பாரு. செவ்வாய்க்கிழமை நாலே காலுக்குப் பெட்டி அந்தரத்துல ஒன்றரை நிமிஷம் நின்னுச்சுன்னு போட்டிருக்கு. பிரேக் இழுத்துப் பிடிச்சுது, நின்னுச்சு. அதைக் கீழே நின்னு பார்த்தது அவர் ஒருத்தர்தான்."

புகாரின் நகலையும், கொடிக்காரர் இத்தனை மாதங்களில் தனக்கு அனுப்பிய செய்திகளையும் அவளுடைய போனுக்குத் தள்ளிவிட்டான். எழுத்தைத் தோண்டுவதுதானே உன் வேலை, இரண்டும் ஒரே ஆள் எழுதியது என்று காட்ட ஏதாவது சிக்குமா பார் என்றான். அப்படியெல்லாம் அடித்துச் சொல்ல முடியாது என்று அவள் இழுத்தாள்.

"சிக்கினா சொல்லு. சிக்கலைன்னாலும் நான் அவர் பேரைச் சொல்லத்தான் போறேன்" என்று தாளை மறுபடி நான்காக மடித்துக்கொண்டான்.

மூத்தவளின் அலுவலகம் ஒரு கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்தது. மருத்துவமனைத் தேதி, தண்ணீர் நிற்கும் நேரம், பள்ளி விடுமுறை என்று ஊர் முழுக்கப் போகும் குறுஞ்செய்திகள் அங்கிருந்துதான் கிளம்பும். கிளம்புமுன் ஒவ்வொரு வரியையும் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய ஒரு சின்ன புரோகிராமில் விட்டு, வேண்டாத குறிகள் இருக்கின்றனவா என்று பார்ப்பது அவள் பொறுப்பு. எங்கிருந்தோ வெட்டி ஒட்டிய வரியோடு கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று சேர்ந்து வந்துவிடும். அது ஒன்று போதும், டாக்டரைப் பார்க்க வேண்டிய தேதி வெறும் கட்டங்களாகப் போய்ச் சேருவதற்கு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளும் எல்லோரும் செய்வதைத்தான் செய்தாள். 'எழுத்தும் எண்ணும் தவிர மற்றதைத் தூக்கிவிடு' என்று பைத்தானிடம் சொன்னாள். தமிழில் காலும் கொம்பும் புள்ளியும் பைத்தானின் கணக்கில் எழுத்தே இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு கட்டுமானக் கம்பெனியின் எச்சரிக்கையில் 'கொக்கி' என்ற சொல் 'ககக' என்று ஆகி எழுநூறு பேருக்குப் போனது. ஒரு வாரம் வரை அலுவலகத்தில் அவளைப் பார்த்தவர்கள் எல்லாம் கொக்கரித்தார்கள். அதற்குப் பிறகு, எவை எவை வரலாம் என்று அவளே ஒரு பட்டியல் எழுதி வைத்து, ஒவ்வொரு குறியையும் அதனோடு ஒப்பிட்டு, ஒட்டாததை மட்டும் இடத்தோடு காட்டச் சொன்னாள்.

இன்று காலை வேலை ஓடவில்லை. பதினோரு மணிக்குப் போக வேண்டிய பட்டியலை இரண்டு தடவை சரிபார்த்தாள். இரண்டு தடவையும் எண்ணிக்கை வேறு வேறாக வந்தது. மூன்றாவது தடவை அனுப்பிவிட்டு, யாரும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, தம்பி கொடுத்ததை எடுத்தாள்.

முதலில் கொடிக்காரரின் செய்திகள். பூவும் கட்டைவிரலும் சூரியனுமாகக் கொட்டிக் கிடந்தன. வாக்கியத்துக்கு ஒரு புள்ளி போதாது அவருக்கு, நாலு வேண்டும். அதைத் தவிர வேண்டாதது எதுவும் இல்லை.

அடுத்து புகார். மொத்தம் பதினேழு வரி. பட்டனை அழுத்தினாள்.

திரையில் பத்தொன்பது இடங்கள் வந்து விழுந்தன.

அவை என்னவென்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. 'கொ' என்று நாம் எழுதுவதைக் கம்ப்யூட்டர் இரண்டு விதமாக வைத்துக்கொள்ளலாம். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக வைக்கலாம். கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாக உடைத்தும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பைத்தானைக் கேட்டால் மட்டும் இரண்டும் வேறு என்று சொல்லும். போனில் எழுதினால் ஒரே குறிதான் வரும். பழைய தட்டச்சு மென்பொருளில் அடித்தால்தான் இப்படி உடையும்.

இது தனக்கு எப்படித் தெரியும் என்று நினைத்ததும் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். போன மாதம் குடியிருப்பில் எல்லோருடைய பெயரையும் பட்டியல் போட்டார்கள். அதில் தேடினால் பாதிப் பெயர் கிடைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் இந்த உடைந்த எழுத்து பிடிபட்டது. இதையும் சேர்த்துக் காட்டு என்று அன்றுதான் புரோகிராமில் ஒரு வரி கூட்டினாள்.

அந்தப் பட்டியலை அடித்துக் கொடுத்தது தம்பி மனைவி.

நீதிமன்றத்துக்கு எதிர்ச் சந்தில் மனு அடித்துக் கொடுக்கும் கடையில் அவளுக்கு வேலை. வீட்டில் எல்லோரும் டைப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

மூத்தவள் தண்ணீர் குடித்தாள். யாரோ ஒரு ஆள் கடைக்கு வந்து, இதை அடித்துக் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். அது யார் விஷயம் என்று தெரியாமல்கூட டைப்பு அடித்துக் கொடுத்திருக்கலாம். தம்பியின் பெயர் நாலு இடத்தில் வருகிற தாளை அவன் பெண்டாட்டி தெரியாமல் அடிப்பாளா என்று உள்ளே ஒன்று கேட்டது. அதற்குப் பதில் சொல்லாமல் திரையை மறுபடி பார்த்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது.

பத்தொன்பதும் முதல் பன்னிரண்டு வரிக்குள் இருந்தன. கடைசி ஐந்து வரியில் ஏழு இடத்தில் அந்த எழுத்துகள் வருகின்றன. ஏழும் முழுசாக, போனில் அடித்த மாதிரி இருந்தன.

ஒரே புகாரில் இரண்டு கை.

தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். மணி பன்னிரண்டே முக்கால்.

கடையில் மூன்று கம்ப்யூட்டர்கள், எழுத்தெல்லாம் தேய்ந்த மூன்று விசைப்பலகைகள். டைப்பு ஒரு பெரியவருக்காக ஏதோ அடித்துக்கொண்டிருந்தாள். கண் தாளில் இருந்தது, விரல் தன்பாட்டுக்கு ஓடியது. நாத்தனாரைப் பார்த்ததும் விரல் நின்றது. இந்த நேரத்தில் ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. அதை வைத்தே மூத்தவளுக்குப் பாதி விளங்கிவிட்டது.

பெரியவரை அனுப்பிவிட்டு வந்தாள். கடைக்குப் பக்கத்து மாடிப்படியில் இருவரும் நின்றார்கள். மூத்தவள் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த கேள்வியைக் கேட்டாள். தப்பித்துப் போக ஒரு சந்து விட்டுத்தான் கேட்டாள்.

"யாராவது வந்து உன்னை அடிச்சுத் தரச் சொன்னாங்களா?"

டைப்பு அந்தச் சந்தில் நுழையவில்லை.

"இல்ல அண்ணி. நான்தான் எழுதினேன்."

பிறகு நிறுத்தாமல் சொன்னாள். முதல் தடவை, கெண்டியில் இருந்து வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்த தம்பி அப்படியே உறைந்து நின்றுவிட்டான். கோப்பை நிறைந்து, மேஜை நிறைந்து, பாதத்தில் வழிந்தது, கால் சிவந்தது. அவன் இழுத்துக்கொள்ளவே இல்லை. இரண்டாவது தடவை நடுத்தெருவில். லாரி ஹாரன் அடித்தது, இவள்தான் கையைப் பிடித்து இழுத்தாள். மூன்றாவது தடவை பேச்சுக்கு நடுவில் நின்று, விட்ட இடத்திலிருந்தே பேசினான். ஒவ்வொரு தடவையும் அவள் வாய்க்குள் எண்ணினாள். பன்னிரண்டு, பதினைந்து, பதினாறு. கூடிக்கொண்டேதான் போயிற்று. புகாரில் மூன்று தடவை என்று மட்டும் போட்டாள், எங்கே என்று போடவில்லை.

டாக்டரிடம் போகலாம் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாளாம். டாக்டர் எழுதும் சீட்டு நேராக ஆபீசுக்குப் போகும், அப்புறம் ஆயுசுக்கும் தரைதான் என்று அவன் ஒரே பிடியாக நின்றானாம். தூக்கம் போதவில்லை, வேறொன்றுமில்லை என்றானாம். அக்காவுக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வேறு வாங்கிக்கொண்டானாம்.

"எங்கிட்ட வந்திருக்கலாமே."

"நீங்க நம்பியிருப்பீங்களா அண்ணி?"

மூத்தவள் நம்பியிருக்க மாட்டாள். தம்பியைப் பற்றிக் கோள் சொல்ல வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்திருப்பாள். அது இருவருக்கும் தெரிந்திருந்தது.

கடைசி ஐந்து வரி யாருடையது என்று கேட்டாள். டைப்பு அதையும் சொன்னாள். எழுதி முடித்த பிறகு அனுப்பக் கை வரவில்லையாம். தனக்குத்தான் புத்தி பிசகிவிட்டதோ என்ற பயத்தில் கொடிக்காரருக்கு அனுப்பிக் கேட்டாளாம். ஒரு மணி நேரம் பதிலே இல்லை. பிறகு அவரே கூப்பிட்டார். பிரேக்கில் கோளாறு எதுவும் இல்லை அம்மா, மேலே இவன்தான் பதில் பேசவில்லை, நான் தொண்டை வற்றக் கத்தினேன் என்றார். தன் போனிலேயே ஐந்து வரி சேர்த்து, புதிதாக ஒரு முகவரி உண்டாக்கி, அவர்தான் அனுப்பியிருக்கிறார்.

"கேட்டா என் பேரு வரட்டும், உன் பேரு வரவே கூடாதுன்னார். இன்னைக்கும் வாயைத் திறக்க மாட்டார் அண்ணி. அவர் குணம் அது."

மணி ஒன்றரை. தம்பிக்குப் போன் போட்டார்கள். அணைத்து வைத்திருந்தது. விசாரணைக்குப் போகிறவர்கள் வாசலிலேயே போனை ஒப்படைத்துவிட வேண்டும் என்று டைப்பு சொன்னாள். கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். போய் என்ன சொல்வது என்று இருவருமே பேசிக்கொள்ளவில்லை.

துறைமுகச் சாலையில் லாரிகள் மூக்கோடு மூக்கு வைத்து நின்றன. பேருந்து நகர்வதாக இல்லை. இறங்கி நடந்தார்கள், பிறகு ஓடினார்கள். வாசலை அடைந்தபோது இரண்டு இருபது.

பார்வையாளர் சீட்டு போடுகிற இளைஞன் நிதானத்தின் அவதாரமாக இருந்தான். டைப்புக்குச் சீட்டு வந்துவிட்டது. மூத்தவளின் பெயரை அவன் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. அடித்தான், சிவப்பாக ஒரு கட்டம் வந்தது. மறுபடி அடித்தான், மறுபடி சிவப்பு. சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கட்டுமா என்றான்.

"முன்னாடி இனிஷியலுக்குப் பக்கத்துல புள்ளி வச்சிருக்கீங்க. அதை எடுங்க."

எடுத்தான். சிவப்பு.

"கடைசி எழுத்துக்கு அப்புறம் ஒரு காலி இடம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஒரு தடவை அழிங்க."

அழித்தான். சீட்டு வந்தது. அவன் அவளை மந்திரவாதியைப் பார்ப்பது போலப் பார்த்தான். அவள் சீட்டைப் பறித்துக்கொண்டு ஓடினாள். இரண்டு நாற்பத்தைந்து.

விசாரணை அறைக்கு வெளியே நீள பெஞ்சு. ஒரு கோடியில் தம்பி, மறுகோடியில் கொடிக்காரர். நடுவில் இன்னும் நாலு பேர் உட்காரலாம். இரண்டு பெண்களும் ஓட்டமாக வருவதைப் பார்த்து இரண்டு ஆண்களும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

நான் சொல்கிறேன் என்று மூத்தவள் வாயெடுத்தாள். டைப்பு அவள் கையை லேசாகத் தொட்டு நிறுத்தினாள்.

"புகார் எழுதினது நான். அவர் இல்ல."

தம்பி சிரிக்கப் பார்த்தான். யாரும் கூடச் சிரிக்கவில்லை. கொடிக்காரர், இந்தப் பெண் எதையோ உளறுகிறது என்று குறுக்கே வந்தார். கடைசி ஐந்து வரி உங்களுடையது என்று தெரியும் என்று மூத்தவள் தாழ்ந்த குரலில் சொன்னதும் அவர் ஓரடி பின்வாங்கினார்.

தம்பியின் முகத்தில் ரத்தம் ஏறியது. கையிலிருந்த தாள் கசங்கியது.

"ஊரே என்னை ஒரு மாதிரி பார்க்குது. பொண்டாட்டியா இருந்துக்கிட்டு நீ எங்கிட்ட..."

அங்கேயே நின்றுவிட்டான்.

கோபத்தில் வார்த்தை வரவில்லை என்றுதான் மூத்தவள் நினைத்தாள். கண் திறந்திருந்தது. ஆனால் அது யாரையும் பார்க்கவில்லை. கட்டைவிரல் மட்டும் தாளின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. டைப்புவின் உதடு அசைந்தது. கொடிக்காரர் சத்தமில்லாமல் அவன் முதுகுக்குப் பின்னால் போய், தொடாமல், கையை விரித்து வைத்துக்கொண்டார். இருவருக்கும் இது பழக்கமாகியிருந்தது. மூத்தவளுக்கு மட்டும்தான் புதிது.

போன மாதம் மாடிப்படியில் சாவியோடு நின்றவனை அவள் நாலு தடவை கூப்பிட்டாள். திரும்பவே இல்லை. அக்காவை மதிக்காத அளவுக்கு வளர்ந்துவிட்டானா என்று ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் பெட்டிப் பாம்பாக வந்து மன்னிப்புக் கேட்டான். எதற்கு என்று தெரியாமலே கேட்டிருக்கிறான்.

இருபத்திரண்டு வரை எண்ணியாயிற்று.

"...நேர்ல சொல்லியிருக்கலாம்ல?" என்று முடித்தான் தம்பி.

கொடிக்காரர் தன் பின்னால் எப்படி வந்தார் என்று திரும்பிப் பார்த்தான். மனைவியின் ஈரக் கண்ணைப் பார்த்தான். கடைசியாக அக்காவைப் பார்த்தான். அவள் முகத்தில் என்ன இருந்ததோ, அவன் தோள் இறங்கியது.

"இப்பவா?"

ஆமென்று டைப்பு தலையை ஆட்டினாள்.

கதவு திறந்தது. நாலாம் நம்பர் கிரேன் உள்ளே வரலாம் என்று ஒரு குமாஸ்தா கூப்பிட்டார். தம்பி தாளை நீவி நேராக்கிக்கொண்டான். அதைக் கொடுக்கப் போகிறானா, கிழிக்கப் போகிறானா என்று அவன் முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. அக்கா கூப்பிட்டாள். திரும்பாமல் போய்விட்டான். இந்தத் தடவை அது காதில் விழுந்தும் திரும்பவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

கதவு முழுசாகச் சாத்திக்கொள்ளவில்லை. நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. புகாரை யாரோ படித்தார்கள். பிறகு வயதான ஒரு குரல், இதை எழுதியது யார் என்று உங்களுக்கு யார்மீதாவது சந்தேகம் உண்டா என்று கேட்டது.

உள்ளே பதில் இல்லை.

யோசிக்கிறானா, இல்லை மறுபடி நின்றுவிட்டானா? மூத்தவள் தன்னை அறியாமலே எண்ண ஆரம்பித்தாள். ஒன்பதில் அவன் குரல் கேட்டது.

"யார் எழுதினாங்கறது இருக்கட்டும்ங்க. இதுல அந்தச் செவ்வாய்க்கிழமையையும் சேர்த்து நாலு தடவைன்னு வருது. வெளியே நிக்கிறவங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். நாலோட நிக்கலை."

பேனா ஒன்று மேஜையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"போன வருஷம் பெட்டி சரிஞ்சு ஒருத்தருக்குக் கால் முறிஞ்சுதே, அன்னைக்குக் கம்பி வடம் நழுவிடுச்சுன்னு எழுதிக் கொடுத்தேன். வடம் நழுவுச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாதுங்க. கேபின்ல உட்கார்ந்திருந்தேன். ஆனா நான் அங்க இல்ல."

யாரோ எழுந்து வந்து கதவை அழுத்திச் சாத்தினார்கள்.

டைப்பு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். இது அவளுக்கும் புதிது. மூத்தவள் அவளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, கொடிக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது.

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று கையசைத்தார். கதவையே பார்த்துக்கொண்டிருந்தவர், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"வடம் நழுவினதைப் பார்த்தேன்னு அந்த அறிக்கையில சாட்சிக் கையெழுத்துப் போட்டது நான்தாம்மா."